பெல்ஃபாஸ்டில் கம்பத்தைப் பார்த்து வீடு பிடியுங்கள்

வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டுக்கு நர்ஸ் வேலைக்கு வரப்போகிற பிள்ளைகள் எப்படியோ என் நம்பரை வாங்கிக் கூப்பிடுவார்கள். சம்பளம், வாடகை, குளிர் எல்லாம் கேட்டு முடித்த பிறகு, கொஞ்சம் தயங்கி, "அக்கா, அங்க கிறிஸ்தவங்களுக்குள்ளயே அடிச்சுக்குவாங்களாமே, இன்னும் இருக்கா?" என்பார்கள். ஆமாம் என்று சொன்னாலும் பொய், இல்லை என்று சொன்னாலும் பொய். ஒவ்வொருவரிடமும் போனில் அரை மணி நேரம் விளக்குவதற்குப் பதிலாக இங்கே எழுதி வைக்கிறேன்.

எனக்குப் பாளையங்கோட்டைப் பக்கம், சி.எஸ்.ஐ. குடும்பம். 2000-களின் தொடக்கத்தில், இங்குள்ள ஆஸ்பத்திரிகள் இந்தியாவிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் நர்ஸ்களைக் கூட்டம் கூட்டமாக எடுத்த நேரத்தில் வந்தவள். எங்கள் ஊரில் ஆர்.சி.க்கும் சி.எஸ்.ஐ.க்கும் உரசல் என்றால், கல்யாணத்தை எந்தக் கோயிலில் வைப்பது என்பதோடு சரி. மாதா, போப் எல்லாம் கேலிப் பேச்சுக்குத்தான். அந்த அளவுகோலைச் சென்னை ஏர்போர்ட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். இங்கே சண்டை வேதத்தைப் பற்றியது அல்ல.

17-ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் கொண்டுவந்து குடியேற்றப்பட்டவர்களின் வழி வந்தவர்கள் பெரும்பாலும் புரொட்டஸ்டண்ட். அவர்களுக்குப் பிரிட்டனோடு இருக்க வேண்டும். அதற்கு முன்பிருந்தே இருக்கும் ஐரிஷ்காரர்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர். அவர்களில் நிறையப் பேருக்கு அயர்லாந்து முழுவதும் ஒரே நாடாக வேண்டும். 1921-ல் தீவைப் பிரித்தபோது வடக்கே ஆறு மாவட்டங்கள், இன்றைய வட அயர்லாந்து, பிரிட்டனிடம் தங்கின. வீடு ஒதுக்குவதில், வேலை கொடுப்பதில், உள்ளாட்சி ஓட்டில் கத்தோலிக்கர்களை ஓரங்கட்டியதை எதிர்த்துக் கிளம்பிய போராட்டம், 1960-களின் கடைசியில் துப்பாக்கிக்கும் வெடிகுண்டுக்கும் போனது. முப்பது வருஷத்தில் 3,500-க்கும் மேற்பட்ட சாவுகள். அப்போது இங்கே மொத்த ஜனத்தொகையே பதினைந்து, பதினாறு லட்சம்தான். வார்டில் அறுபது வயதுக்கு மேற்பட்ட நோயாளியோடு கொஞ்ச நேரம் பேசினால், யாராவது ஒருவர் செத்த கதை வந்துவிடும். நீங்களாகக் கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் கையில் இருக்கும் வேலையை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

1998 ஏப்ரல் 10, பெரிய வெள்ளி அன்று ஒப்பந்தம் ஆனது. பிரிந்து போகலாம் என்று பெரும்பான்மை மக்கள் ஓட்டுப்போட்டுச் சொல்லும்வரை வட அயர்லாந்து பிரிட்டனோடு தொடரும். ஆட்சியை இரு தரப்பும் பங்குபோட்டுக்கொள்ளும். ஒருவர் தன்னை பிரிட்டிஷ், ஐரிஷ், அல்லது இரண்டும் என்று சொல்லிக்கொள்ளலாம், இரண்டு பாஸ்போர்ட்டும் வைத்துக்கொள்ளலாம். மே 22-ல் நடந்த வாக்கெடுப்பில் வட அயர்லாந்தில் 71 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். ஆனால் அந்த 71-க்குள்ளே ஒரு வித்தியாசம் உண்டு. கத்தோலிக்கர்களில் அநேகமாக எல்லாரும் ஆதரவு. புரொட்டஸ்டண்டுகளில் பாதிக்குச் சற்று மேல்தான். தன் வீட்டு ஆளைச் சுட்டவன் ஜெயிலிலிருந்து சீக்கிரமே வெளியே வரப்போகிறான் என்பதைச் செரித்துக்கொள்ள முடியாதவர்கள் இரு பக்கத்திலும் இருந்தார்கள். அதே வருஷம் ஆகஸ்டில் ஓமா ஊரில், ஒப்பந்தத்தை ஏற்காத பிரிவினர் வைத்த கார் குண்டில் 29 பேர் செத்தார்கள். நான் வந்த காலத்தில் அந்தப் பயம் யாருக்கும் போயிருக்கவில்லை.

இப்போது என் முதல் அனுபவத்துக்கு வருகிறேன். இங்கே வேலைக்குச் சேர்ந்தால் ஒரு ஃபார்ம் கொடுப்பார்கள். புரொட்டஸ்டண்ட் சமூகம், ரோமன் கத்தோலிக்கச் சமூகம், இரண்டும் இல்லை. ஒன்றில் டிக் அடிக்க வேண்டும். நீங்கள் மதத்தைக் கடைப்பிடித்தாலும் இல்லாவிட்டாலும் இங்கே ஆட்களை இந்த இரண்டில் ஒன்றாகத்தான் பார்க்கிறார்கள், அதனால் கேட்கிறோம் என்று மேலேயே விளக்கமும் இருக்கும். ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிற நான் 'இரண்டும் இல்லை' என்று டிக் அடித்தேன். என்னோடு சேர்ந்த உள்ளூர்ப் பெண், கடவுளே இல்லை என்பவள், கூசாமல் 'புரொட்டஸ்டண்ட்' என்று அடித்தாள். இந்த ஊரைப் பற்றி அந்த ஒரு காகிதத்தில் எனக்குப் புரிந்தது, அப்புறம் எத்தனை பேர் சொல்லியும் அவ்வளவு தெளிவாகப் புரியவில்லை.

அந்த ஃபார்மைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 1976-லும், பிறகு இன்னும் கடுமையாக 1989-லும் வந்த வேலைவாய்ப்புச் சட்டங்களின் விளைவு அது. பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் எந்த நிறுவனமும் தன்னிடம் எந்தச் சமூகத்தார் எத்தனை பேர் என்று வருஷா வருஷம் கணக்குக் கொடுக்க வேண்டும். உள்ளூர்க்காரர் 'இரண்டும் இல்லை' என்று போட்டால், அவர் எந்தப் பள்ளியில் படித்தார் என்பதை வைத்து நிறுவனமே ஒரு பக்கத்தில் சேர்த்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. கேட்டால் அபத்தமாகத்தான் தெரியும். ஆனால் ஒரு காலத்தில் கப்பல் கட்டும் தளம் ஒரு தரப்புக்கு, கட்டட வேலை இன்னொரு தரப்புக்கு என்று இருந்த ஊரில், இன்றைக்கு ஆஸ்பத்திரியிலும் பேங்கிலும் அரசு அலுவலகத்திலும் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றால், அதற்கு இந்த அபத்தமான ஃபார்முக்கும் பங்கு உண்டு. மனசு மாறி ஒன்றாக உட்கார்ந்தார்கள் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். முதலில் உட்கார வைத்தார்கள். அப்புறம்தான் பேச்சு வந்தது.

அந்தப் பேச்சு எப்படி வந்தது என்பதை என் வார்டிலேயே பார்த்தேன். நான் சேர்ந்த புதிதில் டீ ரூமில் டிவி சீரியல், பிள்ளைகள், மழை இவ்வளவுதான் பேசுவார்கள். நியூஸ் வந்தால் யாராவது எழுந்து சேனலை மாற்றிவிடுவார்கள். அதிலேயே ஒருவரை ஒருவர் அளந்துகொண்டும் இருப்பார்கள்: பெயர், படித்த பள்ளி, எந்த ரோட்டில் வீடு, கிளாஸ்கோ நகரத்துக் கால்பந்தில் செல்டிக் டீமா (கத்தோலிக்கர் பக்கம்) ரேஞ்சர்ஸ் டீமா (புரொட்டஸ்டண்ட் பக்கம்). ஆங்கில எழுத்துகளில் எட்டாவதைக்கூட ஒரு தரப்பு 'ஹெச்' என்றும் மற்றது 'எய்ச்' என்றும் சொல்லும். நாம் எல்லாரும் 'ஹெச்' கட்சி, அதனால் காதால் கேட்டால் கத்தோலிக்கர்! இப்போது அதே டீ ரூமில், ஒப்பந்தத்துக்குப் பின்னால் பிறந்த நர்ஸ்கள், புரொட்டஸ்டண்டுகளின் ஆரஞ்சு சங்க ஊர்வலத்தில் டிரம் அடிக்கும் மாமாவைப் பற்றியும், ஐரிஷ் மீடியம் பள்ளியில் படிக்கும் தங்கச்சியைப் பற்றியும் ஒருவரை ஒருவர் கிண்டல் செய்கிறார்கள். பெரியவர்கள் அந்தக் கிண்டலைக் கேட்டுச் சிரித்துவிட்டு இன்னும் வாசலைத் திரும்பிப் பார்க்கிறார்கள். அந்தக் கிண்டலில் நீங்கள் சேராதீர்கள். அது அவர்களுக்குள் உரிமையோடு செய்வது.

போலீஸிலும் இதேதான். பழைய போலீஸ் படையில் கத்தோலிக்கர்கள் நூற்றுக்கு எட்டுப் பேர் அளவில்தான் இருந்தார்கள். 2001 நவம்பரில் பெயர், சின்னம் எல்லாம் மாற்றிப் புதுப் படை அமைத்து, பத்து வருஷம் ஆள் எடுப்பதில் பாதிக்குப் பாதி என்று விதி வைத்தார்கள். 2011-ல் அந்த விதி முடிந்தபோது கத்தோலிக்கர் பங்கு ஏறக்குறைய 30 சதவீதம். விதி போனபின் அந்த வேகமும் நின்றுவிட்டது, இதையும் சொல்லத்தான் வேண்டும். அந்த வருஷம் ஏப்ரலில் ரோனன் கெர் என்ற கத்தோலிக்க இளம் போலீஸ்காரரை, ஒப்பந்தத்தை ஏற்காதவர்கள் காரில் குண்டு வைத்துக் கொன்றார்கள். கத்தோலிக்கர் போலீஸில் சேரக் கூடாது என்ற மிரட்டல் அது. அவர் சவப்பெட்டியை ஐரிஷ் விளையாட்டுக் கழகத்தாரும் போலீஸாரும் மாறி மாறித் தோளில் சுமந்தார்கள். போலீஸ்காரரை உறுப்பினராகவே சேர்ப்பதில்லை என்று 2001 வரை விதி வைத்திருந்த கழகம் அது. முதலமைச்சர் பீட்டர் ராபின்சன், ஒரு காலத்தில் கத்தோலிக்கப் பூசைக்குள் கால் வைக்காத கட்சியின் தலைவர், அன்றைக்குப் பூசையில் உட்கார்ந்திருந்தார். அதை டிவியில் பார்த்துக்கொண்டிருந்த என் சக நர்ஸ் ஒருத்தி, "எங்க அப்பா இருந்திருந்தா டிவியை உடைச்சிருப்பார்" என்றாள். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

சாவு வீடு இங்கே பெரிய பாடசாலை. பழைய புரொட்டஸ்டண்ட் ஆட்களில் சிலர் பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கர் இறந்தால் சவ ஊர்வலத்தில் கூடவே நடந்து வருவார்கள், பூசை நேரம் முழுக்க வெளியே மழையில் நின்றுவிட்டு, பெட்டி வெளியே வந்ததும் மறுபடி நடப்பார்கள். ஆரஞ்சு சங்கத்து விதி அப்படி. மரியாதையும் வேண்டும், விதியும் மீறக் கூடாது. இப்போது அந்த வயதுக்காரர்களைக் கடைசி பெஞ்சில் பார்க்கிறேன். உங்களோடு வேலை செய்பவர் வீட்டில் சாவு என்றால் எந்தத் தரப்பு என்று யோசிக்காமல் போங்கள். கூப்பிட வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். நம் ஊர் மாதிரியேதான், துக்கத்துக்கு அழைப்பு கிடையாது. கத்தோலிக்க வீடானால் உடலை வீட்டில் வைத்து இரவெல்லாம் ஆள் வந்துபோவார்கள், டீயும் சாண்ட்விச்சும் கையில் திணிப்பார்கள். புரொட்டஸ்டண்ட் வீடுகளில் பல நேரம் அது சுருக்கமாக முடிந்துவிடும், அடக்கம் குடும்பத்தாரோடு மட்டும் என்று பேப்பரில் போட்டிருந்தால் அதை மதியுங்கள்.

குருமார்கள் என்ன செய்தார்கள் என்று ஊரில் கேட்பார்கள். சிலர் தீயில் எண்ணெய் ஊற்றினார்கள். 1988-ல் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் போப்பைப் பார்த்து அந்திக்கிறிஸ்து என்று கத்திய இயன் பெய்ஸ்லி ஒரு சபையின் குருவானவர்தான். அதே பெய்ஸ்லி 2007-ல், பிரிட்டனை எதிர்த்து ஆயுதம் எடுத்த ஐ.ஆர்.ஏ.வின் முன்னாள் தளபதி மார்ட்டின் மெக்கின்னஸோடு சேர்ந்து ஆட்சியில் உட்கார்ந்து, இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்ததையும் இந்த ஊர் பார்த்தது. வேறு சிலர் சத்தமில்லாமல் உழைத்தார்கள். கிளோனார்டு மடத்து ஃபாதர் அலெக் ரீட் வருஷக்கணக்காக ரகசியப் பேச்சுக்கு வழி அமைத்தவர். 2005-ல் ஐ.ஆர்.ஏ. ஆயுதங்களைச் செயலிழக்கச் செய்தபோது நேரில் சாட்சி நின்றவர்கள் இரண்டு பேர்: அவரும், மெத்தடிஸ்ட் குருவானவர் ஹெரால்டு குட்டும். ஒருவர் மட்டும் பார்த்திருந்தால் மறு தரப்பு நம்பியிருக்காது.

எங்கள் திருநெல்வேலி சி.எஸ்.ஐ.காரர்களுக்கு இங்கே ஒரு வாசல் உண்டு. டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையார் பிறந்த மில்ஐல் கிராமம் இங்கிருந்து கிழக்கே கடற்கரையில்தான் இருக்கிறது. டோனாவூருக்கு வருமுன் அவர் பெல்ஃபாஸ்டின் ஷாங்கில் பகுதியில் ஆலைத் தொழிலாளிப் பெண்களுக்காக ஊழியம் செய்தவர். அவர் தொடங்கிய இடத்தில் இன்றும் சபை நடக்கிறது. ஷாங்கில் என்றால் பெயரைக் கேட்டாலே கத்தோலிக்கர் ஒதுங்கும் பகுதி. அங்கிருந்து வந்த ஒரு பாட்டி, நான் திருநெல்வேலி என்றதும் "டோனாவூர் பக்கமா?" என்று கேட்டதில் எனக்கு ஊசி கை தவறப் பார்த்தது. அப்புறம் அந்தப் பாட்டி பக்கத்து பெட்டில் இருந்த, கத்தோலிக்கர் வாழும் ஃபால்ஸ் ரோட்டுப் பாட்டியிடமும் டோனாவூர் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரின் வீட்டுக்கும் நடுவே நடந்து போகும் தூரம்தான், ஆனால் இடையில் சுவர்.

சுவர் என்றால் நிஜச் சுவர். 1969-ல் தற்காலிகம் என்று சொல்லிக் கட்ட ஆரம்பித்தார்கள். கூப்பர் வேயில் மூன்று மாடி உயரத்துக்கு நிற்கிறது, சுற்றுலாப் பயணிகள் மார்க்கர் வாங்கிக் கையெழுத்துப் போடுகிறார்கள். சில கேட்டுகள் இன்றும் இரவில் பூட்டப்படும். 2023-க்குள் எல்லாச் சுவரையும் எடுத்துவிடுவோம் என்று 2013-ல் அரசு அறிவித்தது, எடுக்கவில்லை. பக்கத்தில் வாழ்பவர்களிடம் கேட்டால், "இருக்கட்டும், தூக்கம் வருது" என்கிறார்கள். 2021 ஏப்ரலில் லானார்க் வே கேட்டில் ஒரு பஸ்ஸைக் கொளுத்தி, சுவருக்கு இரண்டு பக்கமிருந்தும் பெட்ரோல் குண்டு வீசினார்கள். வீசியவர்களில் பலர் ஒப்பந்தத்துக்குப் பின் பிறந்த பையன்கள். டீ ரூம் மாதிரி இவர்களுக்கு ஒன்றாக உட்கார ஒரு இடமில்லை என்பதுதான் எனக்குத் தோன்றுவது. நல்ல வேளையாகப் பஸ் ரூட்டாவது மாறியிருக்கிறது. 2018 செப்டம்பரில் கிளைடர் என்ற நீள பஸ் வந்தது; பெரும்பாலும் புரொட்டஸ்டண்டுகள் வாழும் கிழக்குக் கோடியில் ஏறினால் டவுன் வழியாக, பெரும்பாலும் கத்தோலிக்கர் வாழும் மேற்குக் கோடிவரை இறங்காமல் போகலாம். முன்பு டவுனில் இறங்கி மாற வேண்டும். மேற்குப் பெல்ஃபாஸ்டை வாழ்நாளில் பார்த்திராத கிழக்குக்காரர்களோடு அதில் உட்கார்ந்து போயிருக்கிறேன்.

ஆகவே வீடு பார்ப்பவர்களுக்கு: வெப்சைட்டில் போட்டோ பார்த்து முடிவு செய்யாதீர்கள். தெருவில் நடந்து கரண்டுக் கம்பங்களை அண்ணாந்து பாருங்கள். பிரிட்டிஷ் கொடியா, ஐரிஷ் மூவர்ணமா, எதுவுமில்லையா. நடைபாதை ஓரக்கல்லில் சிவப்பு, வெள்ளை, நீலம் அடித்திருந்தால் ஒரு பக்கம். பச்சை, வெள்ளை, ஆரஞ்சு என்றால் மறுபக்கம். பாலஸ்தீனக் கொடியை ஐரிஷ் பக்கமும் இஸ்ரேல் கொடியை பிரிட்டிஷ் பக்கமும்கூட இங்கே ஏற்றி வைப்பார்கள், குழம்ப வேண்டாம். குளிர்காலத்தில் கொடிகள் கிழிந்து காணாமல் போயிருக்கும். ஜூன், ஜூலையில்தான் தெருவின் உண்மை முகம் தெரியும். கொடி இருந்தால் ஆபத்து என்று அர்த்தமில்லை, நான் கொடி நட்ட தெருவில் வருஷக்கணக்காக நல்ல அக்கம்பக்கத்தோடு இருந்திருக்கிறேன். ஆனால் கொடி இல்லாத தெருவில் உங்களுக்கு விளக்கம் சொல்லும் வேலை மிச்சம். தெற்குப் பெல்ஃபாஸ்டில் இரு தரப்பும் கலந்து வாழும் பகுதிகள் அதிகம், வாடகையும் அதிகம். வீட்டுக்காரரிடம் 'இது எந்தப் பக்கம்' என்று நேராகக் கேட்காமல், ஜூலையில் பக்கத்தில் பான்ஃபயர் எங்கே போடுவார்கள் என்று கேளுங்கள். பதில் தானாக வரும்.

ஜூலை 12 என்பது, 1690-ல் பாய்ன் நதிக்கரையில் புரொட்டஸ்டண்ட் அரசர் வில்லியம் ஜெயித்ததன் கொண்டாட்டம். முந்தைய ராத்திரி மாடி மாடியாக அடுக்கிய மரத்தைக் கொளுத்துவார்கள். மறுநாள் ஊர்வலம். ரோடுகள் அடைபடும், டூட்டிக்கு ஒரு மணி நேரம் முன்னால் கிளம்புங்கள். அந்த வாரம் லீவு கேட்டு இரு தரப்பும் முந்திக்கொள்ளும்: ஒரு தரப்பு ஊர்வலத்துக்கு, மறுதரப்பு ஊரை விட்டு ஓட. நாம் டூட்டி எடுத்தால் இரு பக்கமும் நல்ல பெயர், கிறிஸ்துமஸுக்கு லீவும் சுலபமாகக் கிடைக்கும்.

பிள்ளைக்கு செல்டிக் ஜெர்சியோ ரேஞ்சர்ஸ் ஜெர்சியோ யார் கொடுத்தாலும் வாங்கி உள்ளே வையுங்கள், போட்டுத் தெருவில் விடாதீர்கள். இரண்டாவது பெரிய நகரத்தை ஒருவர் டெர்ரி என்பார், இன்னொருவர் லண்டன்டெர்ரி என்பார். எதிரில் இருப்பவர் எப்படிச் சொல்கிறாரோ அப்படியே சொல்லிவிட்டுப் போங்கள்.

பள்ளிக்கூடம்தான் எனக்கு இன்னும் ஆறாத விஷயம். பத்தில் ஒன்பது பிள்ளைகளுக்கு மேல் இன்றும் தனித்தனிப் பள்ளியில்தான்: கத்தோலிக்கப் பள்ளி ஒரு வரிசை, பெயருக்குப் பொதுவென்றாலும் புரொட்டஸ்டண்ட் பிள்ளைகளே நிறைந்த அரசுப் பள்ளி இன்னொரு வரிசை. இரண்டையும் சேர்த்துப் படிக்க வைக்கும் முதல் ஒருங்கிணைந்த பள்ளி லகன் காலேஜ், 1981-ல் 28 பிள்ளைகளோடு பெற்றோர்களே தொடங்கியது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்த வகைப் பள்ளிகளில் படிப்பவர்கள் நூற்றுக்கு ஏழெட்டுப் பேர்தான். இதில் கவனிக்க வேண்டியது, வேலைவாய்ப்புச் சட்டம் ஆசிரியர்களுக்குப் பொருந்தாது என்று விதிவிலக்கு கொடுத்து வைத்திருந்தார்கள். அதை நீக்கச் சட்டம் போட்டதே 2022-ல். ஃபார்ம் போகாத இடத்தில் மாற்றமும் போகவில்லை.

நாங்கள் மகனை ஒருங்கிணைந்த பள்ளியில்தான் சேர்த்தோம். அதற்காக பஸ்ஸில் நெடுந்தூரம் போய் வந்தான். சேர்க்க நினைப்பவர்கள் சீக்கிரம் விசாரியுங்கள்: இங்கே நாலு வயது முடிந்ததுமே முதல் வகுப்பு, விண்ணப்பம் ஜனவரியிலேயே போட வேண்டும், இடம் கிடைப்பது கஷ்டம். ஆர்.சி. குடும்பங்கள் கத்தோலிக்கப் பள்ளியில் சேர்ப்பதில் தப்பே இல்லை, படிப்பு பிரமாதம். ஆனால் பிள்ளையின் நண்பர்கள் எல்லாரும் ஒரே பக்கமாக இருப்பார்கள். நமக்குப் பக்கமே இல்லை என்று நாம் நினைத்தாலும், யூனிஃபார்ம் ஒரு பக்கத்தைக் கொடுத்துவிடும். பஸ் ஸ்டாப்பில் அது முக்கியம்.

2021 கணக்கெடுப்பில் கத்தோலிக்கப் பின்னணி உள்ளவர்கள் 45.7 சதவீதம், புரொட்டஸ்டண்ட் மற்றும் பிற கிறிஸ்தவப் பின்னணி 43.5. முதல் தடவையாக எண்ணிக்கை மாறியது. 2024-ல் மிஷெல் ஓ'நீல் முதலமைச்சரானார், அந்தப் பதவியில் முதல் ஐரிஷ் தேசியவாதி. கலவரம் வரும் என்று பயந்தவர்கள் இருந்தார்கள், வரவில்லை. கிழக்குப் பெல்ஃபாஸ்டில் லிண்டா எர்வின் என்ற புரொட்டஸ்டண்ட் பெண்மணி நடத்தும் ஐரிஷ் மொழி வகுப்புக்கு அக்கம்பக்கத்துப் புரொட்டஸ்டண்டுகள் வந்து படிக்கிறார்கள். இதையெல்லாம் பார்த்து நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்த வருஷத்தில்தான் ஆகஸ்டு வந்தது.

2024 ஆகஸ்டு 3. குடியேறிகளுக்கு எதிராக பெல்ஃபாஸ்டில் ஊர்வலம். பிரிட்டிஷ் கொடியும் ஐரிஷ் மூவர்ணமும் ஒரே கூட்டத்தில் பறந்தன; டப்ளினிலிருந்து வந்த ஆட்களும் பிரிட்டிஷ் அரசுக்கு விசுவாசம் காட்டும் இங்குள்ள லாயலிஸ்டுகளும் தோளோடு தோள். இரண்டு கொடியும் சேர்ந்ததைப் பார்க்கும் நாள் வரும் என்று எத்தனையோ பேர் ஜெபித்திருப்பார்கள். சேர்ந்தது நம்மைத் துரத்த. வெளிநாட்டவர் கடைகளைக் கொளுத்தினார்கள். எங்கள் வார்டில் நைட் டூட்டிப் பிள்ளைகளை இரு தரப்பு நர்ஸ்களும் முறை வைத்துத் தங்கள் காரில் கொண்டுபோய் விட்டார்கள், அதையும் சொல்லாவிட்டால் பாவம்.

அந்த வாரம் கற்றுக்கொண்டவை உங்களுக்கு: பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு பேரின் நம்பராவது போனில் இருக்கட்டும், வந்த முதல் மாசமே வாங்குங்கள். கல் விழுந்தாலோ சுவரில் எழுதினாலோ, துடைப்பதற்கு முன் போட்டோ எடுத்து, 101-க்குப் போன் செய்து வெறுப்புக் குற்றம் என்று சொல்லிப் பதிவு செய்யுங்கள், பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள்; அவசரம் என்றால் 999. வாடகை வீடானால் அந்த எண் இல்லாமல் வீடு மாற்றிக் கேட்பது கஷ்டம். டூட்டி முடிந்து யூனிஃபார்மோடு பஸ் ஏறுவதைப் பற்றிப் பிள்ளைகள் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்: சிலர் யூனிஃபார்ம்தான் பாதுகாப்பு என்கிறார்கள், சிலர் மாற்றிக்கொண்டு போவதே நல்லது என்கிறார்கள். நான் மேலே கோட்டுப் போட்டுக்கொண்டு போகிறேன்.